நட்ட கன்று வாடுகிறதா? உரப்பையைத் தொடாதீர்கள்

இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, பிடித்ததும் குமரி மாவட்டத்தில் குலசேகரம், திருவட்டாறு பக்கத்து நர்சரிகளில் கூட்டம் கூடிவிடும். ஜாதிக்காய், கிராம்பு, ரம்புட்டான் கன்றுகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு சந்தோஷமாகப் போவார்கள். கொஞ்ச நாளில் அவர்களே திரும்பி வந்து, "கன்று தலை தொங்கிப் போச்சே" என்று நிற்பார்கள். நாங்கள் அந்தக் காலத்தில் செய்த அதே தப்புகள்தான். கவரைக் கிழிக்காமல் நடுவது போன்றவற்றை இங்கே சொல்லப் போவதில்லை. அது எல்லாருக்கும் தெரியும்.

வாடிய கன்றுக்கு உரம் போடுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வரும். கவரிலிருந்து எடுத்து நடும்போது நுனி வேர்களும் அவற்றின் மேலுள்ள மெல்லிய தூவிகளும் அறுந்துபோகின்றன. தண்ணீரை உறிஞ்சுவது அவைதான். இலைகளோ வழக்கம்போல நீரை ஆவியாக வெளியே விட்டுக்கொண்டே இருக்கின்றன. வரவு குறைந்து செலவு குறையாததால் கன்று வாடுகிறது. சத்துக் குறைவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

அந்த நேரத்தில் மூட்டில், அதாவது கன்றின் அடியில், யூரியா போட்டால் என்ன ஆகும்? உப்புத் தூவிய மாங்காய்த் துண்டு நீர் விடுவதைப் பார்த்திருப்பீர்கள். வேரிலும் அதுதான் நடக்கும். போதாததற்கு யூரியா மண்ணில் அமோனியாவாக மாறி, புதிதாக வரும் வேர்நுனியையும் கருக்கிவிடும். மக்காத பச்சைச் சாணம் போட்டாலும் பாதிப்பு உண்டு.

அருமனை பக்கம் ஒரு தம்பி, வளைகுடாவிலிருந்து திரும்பி வந்தவர், தென்னைக்கு ஊடே ஜாதிக்காய் ஒட்டுக்கன்று வைத்தார். வாடியதும் யாரோ சொன்னார்கள் என்று மூட்டுக்கு ஒரு பிடி யூரியா போட்டார். மழை பெய்துகொண்டிருக்கும்போதே காலையும் மாலையும் தண்ணீரும் ஊற்றினார். நான் போய்த் தோண்டிப் பார்த்தபோது மண்ணில் புளித்த நாற்றம். ஒரு வேரை விரலால் பிடித்து இழுத்தேன். பழுப்புத் தோல் உறைபோல வழுக்கிக்கொண்டு கையோடு வந்தது, உள்ளே நூல் மாதிரி ஒன்று மட்டும் மிஞ்சியது. "கொஞ்சமாத்தான் போட்டேன் மாமா" என்றார். அந்த அளவே போதும், கன்றைக் கொல்ல.

கன்றின் விலையோடு நஷ்டம் முடிவதில்லை. ஜாதிக்காய் விதைக்கன்றில் ஆண் மரம், பெண் மரம் தெரிய ஆறேழு வருடம் ஆகும். ஏறக்குறைய பாதி ஆணாகப் போய்விடும். அதனால்தான் பெண் மரத்திலிருந்து ஒட்டுக் கட்டிய கன்றை அதிக விலை கொடுத்து வாங்குகிறோம். அதை யூரியா போட்டுச் சாகவிட்டால் மனசு ஆறுமா?

சரி, வாடினால் என்ன செய்வது? முதலில் விரலை மண்ணில் இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் தண்ணீர் வேண்டாம். உச்சி வெயிலில் தொங்கி, அந்திக்கு நிமிர்ந்தால் பயப்பட ஒன்றுமில்லை. விடியற்காலையிலும் தொங்கிக் கிடந்தால்தான் வேரைச் சந்தேகப்பட வேண்டும். மேற்கில் தென்னை ஓலை குத்தி நிழல் கொடுங்கள். கவரில் வேரைச் சுற்றியிருந்த மண் உடைந்து போயிருந்தால் இலைகளில் பாதியைக் கத்தரித்து விடுங்கள். இலை உதிர்ந்த கன்றைப் பிடுங்கி எறியாதீர்கள். நகத்தால் பட்டையைக் கீறி, உள்ளே பச்சை இருக்கிறதா என்று பாருங்கள். பச்சை இருந்தால் காத்திருங்கள்.

உரம் எப்போது? புதுத் தளிர் வந்து, அது முற்றி இலையான பிறகு.

ஒட்டுப் பகுதியைப் புதைப்பது

ஒட்டுக் கட்டிய இடம் மண்ணுக்கு மேலே இருக்கட்டும். அதற்குக் கீழே வரும் துளிரைக் கிள்ளிவிடுங்கள்.

குழியில் தண்ணீர் தேங்க விடுவது

மூட்டில் மண்ணைக் கூட்டி மேடாக்கி, தண்ணீர் ஓடிப்போக வழி விடுங்கள். வேருக்குக் காற்றும் வேண்டும்.

காற்றை மறப்பது

தோவாளை, ஆரல்வாய்மொழி பக்கம் நடுகிறவர்களுக்கு இது முக்கியம். முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றும் காற்றுதான் உங்கள் கன்றையும் ஆட்டுகிறது. ஆட ஆட, புது வேர் பிடிக்காமல் அறுந்துகொண்டே இருக்கும். இலையும் சீக்கிரம் காயும். இரண்டு பக்கமும் கம்பு நட்டு, வாழைநாரால் எட்டு வடிவில் தளர்வாகக் கட்டுங்கள். பிளாஸ்டிக் கயிறு வேண்டாம், இளம் பட்டையை அறுத்துவிடும்.