இடிந்த கட்டடத்தில் அகப்பட்டோரை மீட்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வன்னியில் ஒரு வீடோ மதிலோ நெற்களஞ்சியமோ இடிந்து விழுந்தால், அந்த இடத்தை முதலில் அடைபவர்கள் அயலவர்களே. 2016 செப்ரெம்பரில் கிளிநொச்சிச் சந்தைக் கடைத்தொகுதி தீப்பற்றியபோது அந்நகரில் தீயணைப்புப் பிரிவு இருக்கவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து ஏ-9 வீதியால் வண்டி வந்து சேர வேண்டியிருந்தது. அதன் பின்னர் நிலைமை ஓரளவு மாறியிருந்தாலும், துணுக்காயிலோ ஒட்டுசுட்டானிலோ மடுவிலோ உள்ள ஓர் உட்கிராமத்துக்குப் பயிற்சி பெற்ற மீட்புக் குழு வருவதற்கு இன்றும் நீண்ட நேரம் செல்லும். உலகின் பெரிய அனர்த்தங்களிலும் இதுவே அனுபவம்: உயிரோடு மீட்கப்படுவோரில் மிகப் பெரும்பாலானோர் முதல் 24 மணி நேரத்துக்குள், பெரும்பாலும் உறவினராலும் அயலவராலுமே வெளியே எடுக்கப்படுகின்றனர். ஆகவே, அயலவர் கைகட்டி நிற்க வேண்டும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அவர்கள் எவற்றைச் செய்யக் கூடாது என்பதை முன்கூட்டியே அறிந்திருந்தால், அதே கைகளால் இன்னும் பலரை உயிரோடு எடுக்கலாம்.

நில அதிர்வு இங்கே அரிது என்பதால் இந்த அறிவு நமக்குத் தேவையில்லை என்று நினைப்பது முதற் தவறு. மாரி மழையில் நாட்கணக்காக வெள்ளத்தில் நின்ற சீமெந்துக்கல் சுவர்கள், வெள்ளம் வடிந்த பின்னரும் சரிகின்றன. முருங்கன் பக்கத்துக் கரிய களிமண் மழையில் பொருமி, கோடையில் வெடித்து, அத்திவாரத்தை அசைத்துவிடுகிறது. போரில் ஷெல் விழுந்து பிளவுபட்ட கட்டடங்களில் சில, மேற்பூச்சு மட்டும் பூசப்பட்டுப் பாவனையில் உள்ளன. பணம் போதாமல் பாதியில் நிறுத்தப்பட்டு, துருவேறிய கம்பிகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, ஆண்டுகள் கழித்து அதற்கு மேலேயே கட்டப்படும் வீடுகளும் உண்டு. கொங்கிறீற் கொட்டும் நாளன்று முட்டுக்கால் வழுகிப் பலகைத்தட்டு சரிவதையும் இவற்றோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஓடிப்போய் மேலே ஏறுதல்

சத்தம் கேட்டதும் நாலாபுறமிருந்தும் ஓடிவந்து இடிபாட்டின் மேல் ஏறி நிற்பதே மிகப் பரவலாக நடக்கும் தவறு. தாயோ பிள்ளையோ உள்ளே கிடக்கையில் ஓடாமல் நிற்பது எவ்வளவு கடினம் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆயினும், சரிந்த பிளாற் (கொங்கிறீற் தட்டு) ஒன்று சுவரின் மிச்சத்தில் சாய்ந்து நிற்கும்போது அதன் கீழே ஒரு முக்கோண இடைவெளி இருக்கும். உயிரோடிருப்பவர் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் இருப்பார். அதன் மேல் பத்துப் பேர் ஏறினால், அவரைக் காத்து நின்ற இடைவெளியை நாமே மூடிவிடுகிறோம். 1985 இல் மெக்சிக்கோ நகர நில அதிர்வின்போது பயிற்சியற்ற தொண்டர்கள் ஏறத்தாழ 800 பேரை மீட்டார்கள். அந்த முயற்சியில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் தாமே உயிரிழந்தார்கள் என்று கணக்கிடப்படுகிறது. அவர்களுடைய துணிவு போற்றத்தக்கது. அந்த இழப்பிலிருந்து கற்றுக்கொள்வதும் அவர்களுக்குச் செய்யும் மரியாதைதான்.

முதல் இரண்டு மூன்று நிமிடங்கள் கட்டடத்தைச் சுற்றி நடந்து பார்ப்பதற்கு உரியவை. இன்னும் நிற்கும் சுவரின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துக்கு அப்பால் கயிறு கட்டி, வேலை செய்வோரைத் தவிர மற்றவர்களை வெளியே நிறுத்த வேண்டும். மின்சாரத்தைப் பிரதான ஆளியில் நிறுத்துவதோடு, வீதிக் கம்பத்திலிருந்து வரும் கம்பி அறுந்து கிடக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கிடந்தால் மின்சார சபையினர் துண்டிக்கும் வரை எவரும் அதை அண்டக் கூடாது. கூரையில் சூரியத் தகடுகள் இருந்தால், வீட்டு ஆளியை நிறுத்திய பின்னரும் பகல் வெளிச்சத்தில் அவற்றின் கம்பிகளில் மின் இருக்கும். எரிவாயு மணம் வந்தால் தீக்குச்சி, சிகரெட், மண்ணெண்ணெய் விளக்கு எதுவும் அருகே வரக் கூடாது.

தொலைபேசி அழைப்பை "யாராவது எடுத்திருப்பார்கள்" என்று விட்டுவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. ஒருவரைப் பெயர் சொல்லி அந்தப் பொறுப்பில் நிறுத்துங்கள். தீயணைப்பு மற்றும் மீட்புக்கு 110, நோயாளர் காவு வண்டிக்கு 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117, பொலிஸுக்கு 119. வடமாகாணத்தில் 1990 சேவை 2018 இலிருந்து இயங்குகிறது. அழைப்பவர் வீதியையும் கிராம அலுவலர் பிரிவையும் அருகிலுள்ள கோயிலையோ பாடசாலையையோ சொல்லி, வழிகாட்டுவதற்கு ஒரு மோட்டார் சைக்கிளைச் சந்தியில் நிறுத்தினால், ஒழுங்கைகளில் வண்டி தேடித் திரியும் நேரம் மிச்சமாகும்.

வன்னிக்கு மட்டும் உரிய ஓர் எச்சரிக்கை

வேறு ஊர்களுக்காக எழுதப்படும் மீட்பு வழிகாட்டிகளில் இந்த விடயம் இராது. ஆனால் நமக்கு இது முதன்மையானது. 2009 இல் போர் முடிந்து இவ்வளவு காலம் கழிந்தும், புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால், முகமாலை போன்ற பகுதிகளில் நிலத்தடியிலிருந்து வெடிபொருட்கள் வெளிவந்தபடியே உள்ளன. பழைய சுவரோ மூடப்பட்ட பதுங்குகுழியோ இருந்த காணியில் கட்டடம் சரிந்தால், புரண்ட மண்ணோடு ஷெல்லோ கைக்குண்டோ மேலே வரக்கூடும். துருப்பிடித்த உருளையோ இறகு வைத்த உலோகத் துண்டோ கண்ணில் பட்டவுடன் அலவாங்கால் தட்டிப் பார்ப்பதும், எடுத்து ஓரமாக வைப்பதும் பெருந்தவறு. அந்த இடத்தில் வேலையை நிறுத்தி, வந்த வழியாலேயே பின்வாங்கி, அடையாளம் வைத்து, 119 க்கு அறிவிக்க வேண்டும். உள்ளே இருப்பவரை அடைய வேறு பக்கத்தால் வழி உண்டா என்று அதற்கிடையில் பார்க்கலாம்.

கேட்காமல் தோண்டுதல்

எங்கே தோண்டுவது என்று தெரியாமலே தோண்டத் தொடங்கிச் சக்தியை எல்லாம் தவறான மூலையில் செலவிடுவதைப் பலமுறை காண்கிறோம். வீட்டாரிடமும் அயலாரிடமும் அமைதியாகக் கேளுங்கள்: உள்ளே எத்தனை பேர், அந்த நேரத்தில் யார் எந்த அறையில் இருப்பார்கள், குழந்தையின் தொட்டில் எங்கே கட்டியிருந்தது, விருந்தாக யாரும் வந்திருந்தார்களா. சந்தைக்கோ வயலுக்கோ போனவரை உள்ளே தேடுவதும், அறையில் படுத்திருந்த முதியவரை எவரும் நினையாமல் விடுவதும் இந்தக் கேள்விகளைக் கேளாததால் நேர்பவை.

அடுத்தது காது கொடுப்பது. உழவு இயந்திரம், மின்பிறப்பாக்கி, மோட்டார் சைக்கிள் எல்லாவற்றையும் நிறுத்தி, அழுபவர்களையும் சற்றுத் தள்ளி அழைத்துச் சென்று, முழு அமைதியை ஏற்படுத்த வேண்டும். ஒருவர் மட்டும் வெளியே நீட்டிய கம்பியிலோ குழாயிலோ சுத்தியலால் ஐந்து முறை தட்டிவிட்டு, "சத்தம் கேட்டால் தட்டுங்கோ" என்று உரத்துச் சொல்ல வேண்டும். பிறகு ஒரு நிமிடமாவது எவரும் அசையக் கூடாது. தூசியால் தொண்டை அடைத்தவருக்குக் கத்த இயலாது. நகத்தால் சுரண்டும் ஒலியோ முனகலோதான் வரும். சுற்றிவர நாலு பக்கத்திலும் ஆட்களை நிறுத்திக் கேட்டால், ஒலி எந்தப் பக்கம் தெளிவாக இருக்கிறது என்பது புலப்படும். பதில் வராவிட்டால் அங்கே யாரும் இல்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. மயக்கத்தில் இருப்பவர் பின்னர் விழித்திருக்கலாம் என்பதால், சிறிது நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் கேட்க வேண்டும்.

சைகைகளை முதலே பேசி வைப்பது நல்லது. சர்வதேச மீட்புக் குழுக்களிடம் ஓர் எளிய முறை உண்டு: நீண்ட ஊதல் ஒன்று என்றால் வேலையை நிறுத்தி அமைதி, குறுகிய ஊதல் மூன்று என்றால் உடனே வெளியேறுதல், நீண்டது ஒன்றும் குறுகியது ஒன்றும் சேர்ந்து வந்தால் வேலையைத் தொடர்தல். பாடசாலை விளையாட்டு ஆசிரியரின் விசில் ஒன்று இதற்குப் போதும்.

ஜேசிபியை அழைத்து முன்னே விடுதல்

ஊரில் ஒரு ஜேசிபி நின்றால், அதைக் கொண்டுவந்து வாளியால் வாரிவிடலாம் என்ற எண்ணம் எல்லோருக்கும் எழுகிறது. இதுவே மிகக் கொடிய தவறு என்று நான் கருதுகிறேன். இடிபாட்டில் ஒவ்வொரு துண்டும் மற்றொன்றைத் தாங்கி நிற்கிறது. பக்கவாட்டில் ஒன்றை இழுத்தால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வேறொன்று இறங்கும். இயந்திரத்தின் பாரமும் அதிர்வும் அதே வேலையைச் செய்யும். வாளியின் பல்லுக்குச் சீமெந்துக்கல் எது, மனித உடல் எது என்று தெரியாது. உயிரோடு யாரும் இருக்கக்கூடிய பகுதியில் கையாலும் தாச்சியாலும் மட்டுமே அள்ள வேண்டும். வரிசையாக நின்று தாச்சிகளைக் கைமாற்றி, அள்ளியதை இன்னும் தேடாத பகுதியின் மேல் கொட்டாமல், நோயாளரைத் தூக்கிவரும் வழியையும் மறைக்காமல், தூரத்தில் குவிக்க வேண்டும். கூரையின் அஸ்பெஸ்டஸ் ஓடுகளை உடைக்காமல் தண்ணீர் தெளித்து எடுப்பதும், வாய் மூக்கைத் துணியால் கட்டுவதும் அவசியம்.

இயந்திரம் தேவைப்படும் கட்டம் உண்டு. பத்தடிக்குப் பத்தடி அளவும் ஐந்து அங்குலத் தடிப்பும் கொண்ட பிளாற் துண்டொன்று ஏறத்தாழ 2,800 கிலோ நிறையுடையது; எத்தனை பேர் சேர்ந்தாலும் அதைக் கையால் தூக்க முடியாது. அப்போதும் இயந்திரம் இடிபாட்டின் மேல் ஏறாமல், உறுதியான நிலத்தில் நின்று, சங்கிலியால் நேர்மேலாகத் தூக்க வேண்டுமே தவிர இழுக்கக் கூடாது. சாரதிக்குச் சைகை காட்டுபவர் ஒருவர் மட்டுமே இருக்க வேண்டும்.

ஜக் வைத்து உயர்த்தும்போது நேரும் தவறு வேறு வகையானது. ஜக் ஒன்றையே நம்பிக் கையை உள்ளே விடுகிறார்கள். அது வழுகினால் கையும் போய்விடும், உள்ளே இருப்பவரும் நசிவார். ஓர் அங்குலம் உயர்த்தியதும் ஓர் அங்குலத்துக்கு முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் அடுத்த அங்குலத்துக்குப் போக வேண்டும். வன்னியின் பாலையும் முதிரையும் இதற்கு ஏற்ற மரங்கள். கிடையாக இரண்டு கட்டைகள், அவற்றின் மேல் குறுக்காக இரண்டு, மறுபடி நெடுக்காக இரண்டு என்று அடுக்கி, அடுக்கின் உயரம் அடியகலத்தின் மூன்று மடங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சீமெந்துக் கல்லையோ செங்கல்லையோ முட்டாக அடுக்குதல் ஆபத்தானது. பாரம் மிஞ்சினால் மரம் நெரிந்து சத்தமிட்டு எச்சரிக்கும். கல் எந்த அறிகுறியும் காட்டாமல் சட்டென்று நொறுங்கும்.

கண்டவுடன் இழுத்தல்

ஒரு கை தெரிந்ததும் அந்தக் கையைப் பிடித்து இழுப்பது இயல்பான உந்துதல். ஆனால் முள்ளந்தண்டு முறிந்தவரை அப்படி இழுத்தால் வாழ்நாள் முழுவதும் நடக்க முடியாமல் போகலாம். முதலில் முகத்தையும் வாயையும் மூக்கையும் மண்ணிலிருந்து விடுவித்து, பின் நெஞ்சைச் சுற்றியுள்ள மண்ணை அகற்றி மூச்சுக்கு இடம் கொடுக்க வேண்டும். பதுங்குகுழி மூடிப்போனவர்களைக் கையால் தோண்டி எடுத்த தலைமுறைக்கு இந்த ஒழுங்கு தெரியும்; மண் நெஞ்சை அழுத்தினால் தலை வெளியே இருந்தாலும் மூச்சு நின்றுவிடும். உடல் முழுவதும் விடுபட்ட பிறகு, தலை, கழுத்து, முதுகு நேராக இருக்குமாறு பலர் சேர்ந்து ஒரு கதவுப் பலகையில் ஏற்ற வேண்டும்.

பச்சைக் கொங்கிறீற்றில் புதைந்தவருக்கு இன்னும் விரைவு தேவை. அது சில மணி நேரத்தில் இறுகிவிடும். அதற்கு முன்னரே தோலையும் கண்ணையும் எரிக்கும். அள்ளிக்கொண்டிருக்கையிலேயே ஒருவர் சுத்தமான தண்ணீரால் கண்ணையும் வாயையும் கழுவியபடி இருக்க வேண்டும்.

நசிவுக் காயத்தைப் பற்றிப் பலருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய மரணங்கள் உண்டு. கால் ஒன்று தூணுக்கு அடியில் மணிக்கணக்காக நசிந்து கிடக்கையில், இரத்த ஓட்டம் இழந்த தசை சிதைந்து, பொற்றாசியமும் மயோகுளோபின் என்னும் புரதமும் அங்கே தேங்குகின்றன. பாரத்தை அகற்றியதும் அவை இரத்தத்தில் கலந்து, பொற்றாசியம் இதயத்தை நிறுத்தக்கூடும், மயோகுளோபின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடும். லண்டன் மீதான குண்டுவீச்சில் இடிபாடுகளிலிருந்து மீட்கப்பட்டவர்கள், நன்றாகப் பேசிக்கொண்டிருந்துவிட்டுச் சில நாட்களில் இறந்ததைக் கண்ட பைவோட்டர்ஸ், பீல் என்னும் வைத்தியர்கள் 1941 இல் இதை விளக்கி எழுதினார்கள்.

அகப்பட்டுச் சிறிது நேரமே ஆகியிருந்தால் பாரத்தை உடனே எடுக்கலாம். மணிக்கணக்காகிவிட்டது, 1990 வண்டியும் அண்மித்துவிட்டது என்றால், பாரத்தை எடுப்பதற்கு முன்னரே நரம்பில் சேலைன் ஏற்றத் தொடங்குவது மிக நல்லது. அழைக்கும்போதே "இத்தனை மணி நேரமாகக் கால் நசிந்திருக்கிறது" என்று சொல்லிவிடுங்கள். ஆனால் தலையோ நெஞ்சோ அழுத்தப்பட்டிருந்தால், இரத்தம் பெருகினால், வெள்ளமோ தீயோ நெருங்கினால், அல்லது வைத்திய உதவி எட்டாத் தூரத்தில் இருந்தால், காத்திருப்பது தவறு. விழுந்த நேரத்தையும் விடுவித்த நேரத்தையும் ஒரு துண்டில் எழுதி நோயாளரோடு அனுப்புங்கள். வெளியே வந்தவர் "எனக்கு ஒன்றுமில்லை" என்று எழுந்து நடந்தாலும் வைத்தியசாலைக்குப் போயே ஆக வேண்டும். தேயிலைச் சாயம் போலச் சிறுநீர் கறுத்துப் போவது சிறுநீரகம் பாதிக்கப்படுவதன் அடையாளம்.

அகப்பட்டவர் தண்ணீர் கேட்பார். வயிற்றில் அடிபட்டிருக்கலாம், மயக்கம் கொடுத்துச் சத்திரசிகிச்சை செய்ய நேரலாம் என்பதால், வைத்தியரைக் கேட்காமல் குடிக்கக் கொடுக்காது, நனைத்த துணியால் உதட்டை ஒற்றிவிடுவதே பாதுகாப்பானது. அவரைத் தனியே விடாமல், ஒரே குரல் தொடர்ந்து பேசிக்கொண்டிருக்க வேண்டும். அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லிவிட்டுச் செய்தால் அவருடைய பயம் குறையும். அருகில் இறந்து கிடக்கும் உறவினரைப் பற்றி அந்த நேரத்தில் அறிவிக்கத் தேவையில்லை. அகப்பட்டவருடைய முகத்தைக் கைத்தொலைபேசியில் படமெடுத்துப் பரப்புவதை, அங்கே நிற்கும் பெரியவர்கள் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும்.

நம்பிக்கையை விரைவில் கைவிடுவதும் தவறுதான். 2013 ஏப்ரல் 24 அன்று பங்களாதேஷில் ரானா பிளாசா இடிந்து 1,100 இற்கும் மேற்பட்டோர் இறந்த நிகழ்வில், தையல் தொழிலாளியான ஓர் இளம் பெண் 17 ஆம் நாளில் உயிரோடு மீட்கப்பட்டார். அந்தக் கட்டடத்தின் சுவர்களில், அது இடிவதற்கு முந்திய நாளே வெடிப்புகள் காணப்பட்டிருந்தும் தொழிலாளர்கள் வேலைக்கு அனுப்பப்பட்டார்கள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். கதவு திடீரெனச் சட்டத்தில் இறுகுவதையும், சுவரில் சாய்வாக ஓடும் வெடிப்பு நாளுக்கு நாள் அகல்வதையும் கண்டால் அந்த வீட்டில் இரவு தங்கக் கூடாது.

மீட்புக் குழு வந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்குவது அவர்களுடைய நேரத்தை வீணாக்கும். ஆரம்பத்திலிருந்து நின்ற ஒருவர் மட்டும் முன்னே வந்து, எத்தனை பேர் எடுக்கப்பட்டார்கள், எந்த வைத்தியசாலைக்கு அனுப்பப்பட்டார்கள், இன்னும் யார் யாரைக் காணவில்லை, எந்தப் பக்கத்தில் ஒலி கேட்டது, எங்கே முட்டுக் கொடுக்கப்பட்டுள்ளது, சந்தேகமான உலோகப் பொருள் எங்கே கிடக்கிறது என்பவற்றைச் சொல்லி, அந்த இடங்களைக் கையால் காட்ட வேண்டும். மற்றவர்கள் கயிற்றுக்கு வெளியே வந்து, அவர்கள் கேட்கும் கட்டைகளையும் தண்ணீரையும் வெளிச்சத்தையும் கொடுப்பதற்கு ஆயத்தமாக நிற்க வேண்டும்.