வீட்டுப் பெரியவருக்கு மனநல உதவி தேடும்போது எங்கே சறுக்குகிறோம்?

“நல்ல டாக்டர் யாராவது தெரியுமா?” வீட்டில் ஒரு பெரியவரின் பேச்சோ நடத்தையோ மாறியதும் முதலில் எழும் கேள்வி இது. இதைக் கேட்பதற்கு முன்னால் யோசிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அவருக்கு இப்போது தேவை சிகிச்சையா, பேச்சுத்துணையா, அன்றாட வேலைகளுக்கு ஒரு கையா, அல்லது அவரைப் பார்த்துக்கொள்பவருக்குக் கொஞ்சம் ஓய்வா? இந்த நான்குக்கும் போகிற இடம் வேறு வேறு. பிரித்துப் பார்க்காமல் கிளம்பி, சம்பந்தமில்லாத இடத்தில் காத்திருந்து, “எங்கேயும் உதவி கிடைக்கவில்லை” என்று ஓய்ந்துபோகிற குடும்பங்கள் நிறைய.

அதற்கும் முந்தைய தவறு, “வயசானா அப்படித்தான்” என்று விட்டுவிடுவது. முதுமையில் வரும் மனச்சோர்வு அழுகையாகவே வெளிப்படும் என்று சொல்ல முடியாது. தீராத உடம்புவலி, பசியின்மை, விடியும் முன்பே விழிப்பு, பிடித்த விஷயங்களில்கூட நாட்டமின்மை, மறதி என்று பல உருவங்களில் வரும். மறதியைப் பார்த்ததும் டிமென்ஷியா எனும் மறதிநோய் என்று வீட்டாரே தீர்ப்பு எழுதிவிடுவதும் உண்டு. மனச்சோர்வு, தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 பற்றாக்குறை ஆகியவற்றாலும் மறதி வரும். காது சரியாகக் கேட்காதவர்கூடப் பார்ப்பவர்களுக்கு மறதிக்காரர் போலத் தெரிவார். அதனால் முதல் படி, அவரை ஏற்கெனவே அறிந்த குடும்ப மருத்துவர்தான்.

போகும்போது வீட்டில் இருக்கும் மாத்திரைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், சீட்டு இல்லாமல் வாங்கியவை உட்பட. முதியவர்களுக்குக் கூடுமானவரை தவிர்க்க வேண்டிய மருந்துகளை அமெரிக்க முதியோர் நல மருத்துவர் மார்க் பியர்ஸ் 1991-ல் பட்டியலிட்டார். முதியோர் இல்லவாசிகளுக்காகத் தொடங்கிய அந்தப் பட்டியல் இன்றும் புதுப்பிக்கப்படுகிறது. தூக்க மாத்திரைகள் பலவும், அலர்ஜிக்கும் சளிக்கும் நாமே வாங்கிப் போடும் பழைய ரக மாத்திரைகள் சிலவும் அதில் உண்டு. மாத்திரையால் வந்த குழப்பத்துக்கு இன்னொரு மாத்திரை எழுதப்படும் கதை இப்படித்தான் தொடங்குகிறது.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடவே கூடாது. நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று ஆள் அடையாளம் தெரியாமல் பேசினால், இல்லாததைக் கண்டால், பகலெல்லாம் மயக்கம்போல் கிடந்தால், மனநல மருத்துவரிடம் நேரம் வாங்கக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். இதை டெலிரியம் என்பார்கள். சிறுநீர்த் தொற்று, நிமோனியா, உடலில் சோடியம் குறைவது, புதிதாகத் தொடங்கிய மருந்து என்று உடல் சார்ந்த காரணம் பின்னால் இருக்கும். டிமென்ஷியா பெரும்பாலும் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் வருவது. இது மணிக்கணக்கில், ஓரிரு நாளில் வருவது.

அப்புறம், யாரைப் பார்ப்பது? மனநல மருத்துவர் மருத்துவம் படித்தவர், மருந்து எழுதுவார். உளவியலாளர் சோதனைகள் செய்வார், பேச்சுவழிச் சிகிச்சை தருவார். கவுன்சலர் என்ற பெயரைப் பல நாடுகளில் யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்பதால், எங்கே படித்தார், எந்தப் பதிவு வைத்திருக்கிறார் என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். குடும்பங்கள் கண்டுகொள்ளாமல் கடந்துபோகும் ஆள் ஒருவர் இருக்கிறார்: மருத்துவமனையின் சமூகப் பணியாளர். பகல்நேரப் பராமரிப்பு எங்கே உண்டு, வீட்டுக்கு வந்து உதவுபவர் கிடைப்பாரா, எந்த உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம் என்பதெல்லாம் இவருக்குத்தான் தெரியும். டாக்டரிடம் பத்து நிமிடம் கிடைத்தால், இவரிடம் அரை மணி நேரம் கேளுங்கள் என்பேன்.

இணையத்தில் கிடைத்த பட்டியலை அப்படியே நம்பிக் கிளம்புவது அடுத்த சறுக்கல். நிதி நின்றுபோன சேவையின் பெயர் பட்டியலில் ஆண்டுக்கணக்கில் இருக்கும். முதலில் போன் செய்யுங்கள். புதியவர்களைச் சேர்க்கிறார்களா, எவ்வளவு நாள் காத்திருக்க வேண்டும், எந்த வயதினருக்கு, படியேறாமல் போக முடியுமா, வீட்டுக்கு வருவார்களா, கட்டணம் என்ன என்று கேளுங்கள். “இங்கே முடியாது” என்று பதில் வந்தால், “வேறு யாரிடம் கேட்கலாம்?” என்று கேட்காமல் போனை வைக்க வேண்டாம். நல்ல தகவல் பெரும்பாலும் அந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் வரும்.

மொழி விஷயம் தனியாகச் சொல்ல வேண்டியது. மருத்துவரின் மொழி பெரியவருக்குத் தெரியாதபோது பேரனையோ பேத்தியையோ மொழிபெயர்க்க உட்காரவைக்கிறோம். மகன்மேல் உள்ள வருத்தத்தையும், சாக வேண்டும்போல் இருக்கிறது என்பதையும் எந்தத் தாத்தா பேரன் வாயால் சொல்வார்? தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று நேரம் வாங்கும்போதே கேளுங்கள். நினைவாற்றல் சோதனைகளிலும் இந்தச் சிக்கல் உண்டு. 1975-ல் வெளியான, 30 மதிப்பெண்கள் கொண்ட எம்எம்எஸ்இ சோதனை உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. அதிகம் படிக்காதவரும், பழகாத மொழியில் பதில் சொல்பவரும் நோய் இல்லாமலேயே அதில் குறைந்த மதிப்பெண் வாங்க வாய்ப்பு உண்டு.

“சும்மா பிரஷர் பார்க்கப் போகிறோம்” என்று பொய் சொல்லி அழைத்துப் போவது அன்றைக்கு வேலை செய்யும். அடுத்த முறை அவர் உங்களோடு எங்கேயும் வரமாட்டார். தூக்கமின்மை, வலி என்று அவருக்கே தொல்லையாக இருக்கும் ஒன்றைக் காரணமாகச் சொல்லி அழைக்கலாம். அது பொய்யும் இல்லை. மருத்துவரின் அறையில் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே “இவர் ராத்திரி தூங்குறதே இல்லை” என்று நாமே பேசிக்கொண்டு போவதையும் நிறுத்த வேண்டும். நீங்கள் கவனித்ததை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். நோயாளியின் அனுமதி இல்லாமல் மருத்துவர் பொதுவாக உங்களிடம் விவரம் சொல்ல முடியாது என்றாலும், நீங்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்ள அவருக்குத் தடையில்லை. பெரியவர் மருத்துவரோடு தனியாகப் பேசவும் சில நிமிடங்கள் விடுங்கள். 60 வயதைத் தாண்டியவர்களில் ஆறில் ஒருவர் ஓராண்டுக்குள் ஏதோ ஒரு வகைக் கொடுமைக்கு ஆளாகிறார் என்கிறது உலக சுகாதார நிறுவனம். செய்பவர் பெரும்பாலும் தெரிந்தவராகவே இருப்பார், சில நேரம் அதே வீட்டில்.

முதியோர் சங்கம், பகல்நேர மையம், தன்னார்வலர் வந்து பேசிப்போகும் ஏற்பாடு எல்லாம் தனிமைக்கு நல்ல மருந்து. ஆனால் படுக்கையை விட்டு எழவே முடியாத அளவு சோர்ந்திருப்பவரை “நாலு பேரோடு பழகினால் சரியாகிவிடும்” என்று தள்ளிவிட்டால், அங்கேயும் ஓர் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டு இன்னும் தாழ்ந்துபோய்த் திரும்புவார். அவருக்கு முதலில் சிகிச்சை. எழுந்து நடமாடும் நிலையில் இருப்பவருக்குக்கூட முதல் சில முறை துணைக்கு யாராவது போக வேண்டும்.

இதை வைத்து, டாக்டர் அல்லாதவர்கள் தரும் உதவி எல்லாம் இரண்டாந்தரம் என்று எண்ணிவிடாதீர்கள். ஜிம்பாப்வேயில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா தொடங்கிய ‘ஃபிரெண்ட்ஷிப் பெஞ்ச்’ திட்டத்தில், பயிற்சி பெற்ற பாட்டிமார்கள் சுகாதார நிலையத்து மர பெஞ்சில் உட்கார்ந்து மக்களின் பிரச்சினைகளைக் கேட்டு வழி காட்டுகிறார்கள். அங்கே வந்தவர்களின் மனச்சோர்வு குறைந்தது என்று 2016-ல் வெளியான ஆய்வு காட்டியது.

பார்த்துக்கொள்பவரை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அவர் தாங்கும் சுமையை அளக்க 22 கேள்விகள் கொண்ட ஸாரிட் அளவுகோல் 1980-களிலிருந்து இருக்கிறது. மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள். குடும்பத்தினருக்கான ஆதரவுக் குழுவில் சேர நோயாளி சிகிச்சைக்கு ஒப்புக்கொண்டிருக்க வேண்டிய அவசியமில்லை. பெரியவர் வர மறுத்தாலும் நீங்கள் போகலாம்.

மருந்து தொடங்கி இரண்டு வாரத்தில் “ஒன்றும் மாறவில்லை” என்று நிறுத்துவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். மனச்சோர்வு மருந்துகள் வேலைசெய்ய நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும், முதியவர்களுக்கு இன்னும் கூடலாம். தொடக்க வாரங்களில் சில மருந்துகளால் சோடியம் குறைந்து தலைசுற்றலோ குழப்பமோ வரலாம். அப்போது தாமாக நிறுத்தாமல் உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

கடைசியாக, கேட்கப் பயப்படும் கேள்வி. உலகின் பெரும்பாலான பகுதிகளில் தற்கொலை விகிதம் அதிகமாக இருப்பது முதியவர்களிடம்தான். “செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?” என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. ஆமாம் என்றால் எப்படி, எப்போது என்று யோசித்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். திட்டம் இருந்தால் அவரைத் தனியே விடாதீர்கள், சேர்த்துவைத்த மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் அப்புறப்படுத்துங்கள், உங்கள் நாட்டின் அவசர எண்ணையோ தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையோ அப்போதே அழையுங்கள். அந்த எண்களை இன்றைக்கே தேடி, வீட்டில் எல்லோருடைய போனிலும் பதிந்துவைக்கலாம்.