பழைய ஜீப், ஜிப்ஸியை வீட்டிலேயே பராமரிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கும், போடி மலையின் ஏலத் தோட்டங்களுக்கும் இன்றும் ஜீப்புதான் ஏறுகிறது. பழைய மஹிந்திரா ஜீப்பிலும் மாருதி ஜிப்ஸியிலும் கெட்டுப்போகும் பாகத்தில் பாதிக்கு மேல் சாதாரண ஸ்பானர் செட்டும் பொறுமையும் இருந்தால் வீட்டு வாசலிலேயே மாற்றிவிடலாம். இந்த வசதியே பலரைத் தவறான வரிசையில் வேலை செய்ய வைக்கிறது. வண்டியை வாங்கிய மறுவாரமே பெரிய டயர், லிஃப்ட், எல்இடி பார் என்று இறங்கிவிடுகிறார்கள். கிங்பின் (முன் சக்கரம் திரும்பும் அச்சு) ஆட்டமும், டிஃபரன்ஷியலில் (ஆக்ஸில் நடுவே இரு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரிக்கும் கியர் தொகுதி) தண்ணீர் கலந்த ஆயிலும் அப்படியே கிடக்கும். கம்பெனி கொடுத்த நிலைக்கு வண்டியை முதலில் கொண்டுவராமல் செய்யும் எந்த மாற்றமும் பழைய கோளாறைப் பெரிதாக்கும். கீழே வரும் தவறுகளில் பலவற்றின் வேர் அதுதான்.

ஹேண்ட் பிரேக்கை நம்பி ஜாக்கி வைப்பது

உயிரோடு விளையாடும் தவறு என்பதால் இதை முதலில் சொல்ல வேண்டும். பழைய சிஜே (சிவிலியன் ஜீப்) வகை ஜீப்புகளில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தில் இல்லை. சக்தியை முன், பின் ஆக்ஸிலுக்குப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால், ஆக்ஸிலுக்குப் போகும் நீளத் தண்டான ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் தொடங்கும் இடத்தில் தனி டிரம்மாக இருக்கிறது. அது பிடிப்பது ஷாஃப்ட்டை மட்டுமே. ஒரு பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிவிட்டால், ஷாஃப்ட் அசையாமல் நின்றாலும், தூக்கிய சக்கரம் ஒரு பக்கம் சுற்றத் தரையில் உள்ள சக்கரம் மறுபக்கம் உருளும். டிஃபரன்ஷியலின் வேலையே அதுதான். வண்டி நகர்ந்து ஜாக்கியிலிருந்து விழும். கியரில் போட்டு வைத்தாலும் இதே கதைதான், ஏனென்றால் கியரும் அதே ஷாஃப்ட்டைத்தான் பிடிக்கிறது. பின் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டாலோ ஹேண்ட் பிரேக் என்ற ஒன்றே இல்லை.

எனவே முன் சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். நான்கு சக்கர ஓட்டத்தில் போட்டு, ஃப்ரீ வீல் ஹப் (முன் சக்கரத்தை ஆக்ஸிலோடு இணைக்கவும் பிரிக்கவும் உதவுவது) இருந்தால் இரண்டையும் லாக் செய்து, கியரில் வைத்தால் முன் ஆக்ஸிலும் சேர்ந்து பிடிக்கும். அது கூடுதல் பாதுகாப்பு மட்டுமே, கட்டைக்கு மாற்று இல்லை. ஜாக்கியில் தூக்கிய பிறகு ஆக்ஸில் குழாய்க்கு அடியிலோ சேஸிஸுக்கு அடியிலோ ஸ்டாண்ட் வைக்காமல் தலையை உள்ளே விடக் கூடாது. செங்கலையும் ஹாலோ பிளாக்கையும் ஸ்டாண்டாக வைக்கவே வைக்காதீர்கள். அவை முன்னறிவிப்பே இல்லாமல் நொறுங்கும்.

எல்லா இடத்துக்கும் ஒரே கியர் ஆயில்

டிஃபரன்ஷியலில் உள்ள கிரவுன் வீலும் பினியனும் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிக்கொண்டே அழுத்தும் ஹைபாய்டு வகை. அதற்கு ஜிஎல்-5 தர ஆயில் வேண்டும். அதே ஆயிலைக் கியர்பாக்ஸில் ஊற்றும்போதுதான் சிக்கல். ஜிஎல்-5 ஆயிலில் கூடுதலாக இருக்கும் கந்தகச் சேர்மானம் கியர் சத்தமின்றி விழ உதவும் பித்தளை சின்க்ரோ ரிங்குகளை நாளடைவில் அரிக்கக்கூடும், அதன் வழுவழுப்பால் ரிங் பிடிக்கவும் தாமதமாகும். இரண்டாவது கியர் கரகரத்து விழ ஆரம்பித்தால், ரிங் போய்விட்டது என்று பெட்டியை இறக்குவதற்கு முன் உள்ளே என்ன ஆயில் இருக்கிறது என்று பாருங்கள். கியர்பாக்ஸுக்குக் கையேடு சொல்லும் தரம், பொதுவாக ஜிஎல்-4, போதும்.

ஆயில் மாற்றும்போது ஊற்றும் பிளக்கை முதலில் திறந்து பார்த்துவிட்டுத்தான் வடிக்கும் பிளக்கில் கை வைக்க வேண்டும். ஊற்றும் பிளக் துருப்பிடித்துத் திரும்ப மறுத்தால், ஆயில் இல்லாத வண்டியோடு மாட்டிக்கொள்வீர்கள். அளவு: சமதளத்தில் நிற்கும் வண்டியில், ஊற்றும் துளையின் கீழ் விளிம்பு வரை.

பழைய ஜீப்பில் கியர்பாக்ஸும் டிரான்ஸ்ஃபர் கேஸும் ஒட்டி நிற்பவை. இடையில் ஆயில் கடந்து போகும். ஒன்றில் குறைந்து மற்றதில் கூடியிருந்தால் இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். குறைந்ததில் மட்டும் ஊற்றிக்கொண்டே போனால், கூடிய ஆயில் பின் சீலைத் தாண்டிக் கசிந்து அந்த ஹேண்ட் பிரேக் டிரம்மை நனைக்கும்.

பிரீதரை மறந்து சீல் மாற்றுவது

ஆக்ஸில் குழாயின் மேல் விரல் நுனி அளவில் ஒரு சின்ன மூடி இருக்கும். அதுதான் பிரீதர். ஓட ஓட ஹவுசிங் சூடாகி, உள்ளே இருக்கும் காற்று விரிந்து, இந்த மூடி வழியாக வெளியேறும். சேறு படிந்து அடைத்துக்கொண்டால் காற்றுக்கு வேறு வழி ஏது? ஆயில் சீலைத் தள்ளிக்கொண்டு வரும். பின் பிரேக் லைனிங் ஆயிலில் ஊறும். சீல் மாற்றுவார்கள், இரண்டு மாதத்தில் மறுபடி கசியும், மெக்கானிக்கைத் திட்டுவார்கள். பிரீதரைக் கழற்றி டீசலில் கழுவி ஊதிப் பார்த்திருந்தால் அந்தச் செலவு மிஞ்சியிருக்கும்.

ஆற்றிலோ ஓடையிலோ இறங்கும்போது இதற்கு நேர்மாறாக நடக்கும். சூடான ஹவுசிங் சட்டென்று குளிர்ந்து, உள்ளே காற்று சுருங்கி, சீல் இடுக்கு வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். அடுத்த நாள் பிளக்கைத் திறந்தால் ஆயில் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருக்கும். அப்படி இருந்தால் உடனே மாற்ற வேண்டும், அடுத்த சர்வீஸ் வரை தள்ளக் கூடாது. தண்ணீரில் அடிக்கடி இறக்குபவர்கள் பிரீதர் இருக்கும் இடத்தில் ஒரு நிப்பிள் போட்டு, ஆயில் தாங்கும் ஹோஸை மாட்டி, பானட்டுக்குள் உயரமான இடத்துக்குக் கொண்டுபோய், நுனியில் சின்ன ஃபில்டர் வையுங்கள். ஹோஸ் எங்கும் தொங்கி வளையக் கூடாது. ஆக்ஸில் முழுதாகக் கீழிறங்கினாலும் இழுபடாத நீளம் விடுங்கள். செலவு மிகக் குறைவு. இந்த வண்டிகளில் செய்யக்கூடிய மாற்றங்களில் இதைவிடப் பயனுள்ளது எதுவும் இல்லை என்றே சொல்லலாம்.

ஜாயிண்ட் கிராஸ் வேலையில் அவசரம்

ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றும் முன் இரண்டு இடத்தில் அடையாளம் போடுங்கள்: ஃபிளாஞ்சிலும் (ஷாஃப்ட்டைப் போல்ட் போட்டு மாட்டும் தட்டு), ஸ்ப்லைன் (ஷாஃப்ட்டில் பல் வெட்டிய பகுதி) நுழையும் இடத்திலும். ஒரே ஷாஃப்ட்டின் இரு முனையிலும் உள்ள, சிலுவை வடிவக் கிராஸைப் பிடிக்கும் கவட்டைகளான யோக்குகள் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் வேகம் கூடும்போது அதிர்வு வரும். பிறகு வீல் பேலன்ஸ், எஞ்சின் மவுண்ட் என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

புதுக் கிராஸ் ஏற்றும்போது கேப்புக்குள் இருக்கும் ஊசி ரோலர்களில் ஒன்று சாய்ந்து அடியில் விழுந்துவிடும். கேப் கடைசி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உள்ளே போகாது, அதைப் பூட்டும் வளையமான சர்க்லிப் உட்காராது. அங்கே சுத்தியலால் அடிப்பவர்கள்தான் அதிகம். வெளியே எடுங்கள், ரோலர்களைக் கிரீஸால் ஒட்டி நிறுத்துங்கள், வைஸில் நேராக அழுத்துங்கள். முடிந்ததும் கிராஸ் நான்கு பக்கமும் கையால் அசைய வேண்டும். கிரீஸ் கன் வைக்கும்போது நான்கு கேப்பிலிருந்தும் பழைய கிரீஸ் வெளியே வரும்வரை அடியுங்கள். மூன்றில் வந்து ஒன்றில் வராவிட்டால், அந்த ஒன்றுதான் முதலில் போகும்.

தெர்மோஸ்டாட்டைத் தூக்கிப் போடுவது

"நம்ம ஊர் வெயிலுக்கு இது எதற்கு" என்று எத்தனையோ வண்டிகளில் கழற்றி எறிந்திருக்கிறார்கள். 2112 சிசி எக்ஸ்டிபி 4.90 போன்ற பிஜோ டீசல் எஞ்சின் சரியான சூட்டில் ஓடினால்தான் டீசல் முழுதாக எரியும். குளிர்ந்தே ஓடினால் புகை, தட்டும் சத்தம், மைலேஜ் குறைவு, எஞ்சின் ஆயிலில் கசடு. பைபாஸ் வழி உள்ள எஞ்சினில் தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் ஒரு பங்கு வெந்நீர் ரேடியேட்டருக்குப் போகாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். மலை ஏற்றத்தில் சூடு ஏறவும் அதுவே காரணமாகலாம்.

சோதிப்பது எளிது. பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை நூலில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு சூடாக்குங்கள். 82 என்று அச்சிட்டிருந்தால் அந்தச் சூட்டை ஒட்டித் திறக்கத் தொடங்கி, தண்ணீர் கொதிப்பதற்குள் முழுதாகத் திறந்திருக்க வேண்டும். மாட்டும்போது சின்னக் காற்றுத் துளை மேல்பக்கம் வரட்டும். ரேடியேட்டரில் போர்வெல் தண்ணீர் வேண்டாம், உப்பு படிந்து குழாய் அடைக்கும். கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி ஊற்றினால் போதும்.

பிரேக்

வீல் சிலிண்டரின் ரப்பர் கப்புகளைப் பெட்ரோலிலோ டீசலிலோ கழுவக் கூடாது. ரப்பர் ஊதிவிடும், பிரேக் விடாமல் பிடித்துக்கொள்ளும். கையேடு சொல்லும் பிரேக் ஃபுளூயிடாலேயே கழுவுங்கள், பெரும்பாலும் அது டாட் 3. தவறி எஞ்சின் ஆயில் மாஸ்டர் சிலிண்டருக்குள் போய்விட்டால் வடித்துவிட்டு ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள். எல்லா ரப்பரையும் ஹோஸ்களையும் மாற்றியாக வேண்டும். காற்று எடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்திலிருந்து தொடங்குங்கள். நம் வலப்பக்க ஸ்டியரிங் வண்டியில் பின் இடது, பின் வலது, முன் இடது, கடைசியாக முன் வலது. சிங்கிள் சர்க்யூட் மாஸ்டர் சிலிண்டர் உள்ள பழைய ஜீப்பில் ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு பிரேக்கும் போய்விடும் என்பதால், வெடிப்பு விட்ட ஹோஸோடு மலை இறங்கவே கூடாது. ஆயிலில் ஊறிய லைனிங்கை எரித்துக் காயவைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். இரு பக்கமும் சேர்த்துப் புதிது போடுங்கள்.

டயரும் லிஃப்ட்டும்

ஜிப்ஸி கிங்கின் 205/70 ஆர்15 டயரின் விட்டம் ஏறத்தாழ 668 மி.மீ. பலரும் ஆசைப்படும் 235/75 ஆர்15 சுமார் 733 மி.மீ. கிட்டத்தட்ட 10 சதவீதம் கூடுதல். இதில் தரை இடைவெளிக்குக் கிடைப்பது பாதிதான், 33 மி.மீ. ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 66-ல் போகும். எல்லாக் கியரும் 10 சதவீதம் நீண்டுவிடுவதால் மேட்டில் கிளட்ச்சை நழுவவிட்டே ஏற்ற வேண்டியிருக்கும், பிரேக் பிடிப்பும் அதே கணக்கில் குறையும்.

முன்னால் தேய்ந்த டயர், பின்னால் புது டயர் என்று ஓட்டுவதும் இந்த வண்டிகளுக்கு ஆகாது. டயர் பட்டன் (தரையைப் பிடிக்கும் ரப்பர் கட்டை) உயரத்தில் 8 மி.மீ. வித்தியாசம் என்றால் விட்டத்தில் 16, ஒரு சுற்றுக்குச் சுமார் 50 மி.மீ. முன், பின் ஆக்ஸிலுக்கு இடையே வேக வித்தியாசத்தை ஏற்கும் சென்டர் டிஃபரன்ஷியல் இவற்றில் கிடையாது. நான்கு சக்கர ஓட்டத்தில் அந்த வித்தியாசத்தைச் சேற்றில் டயர் வழுக்கிச் சமாளிக்கும். தார் ரோட்டில் வழுக்க முடியாமல் ஷாஃப்ட்டும் கிராஸும் முறுக்கேறும், லீவர் விடுபடாமல் இறுகும். ஒரே அளவு டயர் போட்டிருந்தாலும் காய்ந்த தார் ரோட்டில் நான்கு சக்கர ஓட்டம் கூடாது, வளைவில் முன்னும் பின்னும் வேறு தூரம் ஓடுவதால் இதே முறுக்கு வரும்.

நீண்ட ஷாக்கிள் (ஸ்பிரிங் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் துண்டு) போட்டு உயர்த்துபவர்கள் கவனிக்க: ஷாக்கிள் 2 அங்குலம் நீண்டால் வண்டி உயர்வது 1 அங்குலம்தான். முன் ஸ்பிரிங்கின் ஷாக்கிள் முன்முனையில் இருந்தால் ஆக்ஸில் முன்னோக்கிச் சாய்ந்து காஸ்டர் கோணம் (கிங்பின் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு) குறையும். வளைவு முடிந்தும் ஸ்டியரிங் தானாகத் திரும்பாது, நேர் ரோட்டில் வண்டி அலையும். ஸ்பிரிங்குக்கும் ஆக்ஸிலுக்கும் இடையே இரும்பு ஆப்பு வைத்து இதைச் சரிசெய்யலாம். அலுமினிய ஆப்பு நசுங்கிப் போகும், வேண்டாம்.

எந்த லிஃப்ட் போட்டாலும் ஓட்டும் முன் சேஸிஸைத் தூக்கிச் சக்கரங்களைத் தொங்கவிட்டுப் பாருங்கள். பிரேக் ஹோஸ் விறைக்காமல் இருக்கிறதா, ஷாக் அப்சார்பர் முழு நீளத்துக்கு இழுபடாமல் இருக்கிறதா, ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டின் ஸ்ப்லைன் போதுமான அளவு உள்ளே இருக்கிறதா? இவற்றில் ஒன்றுக்கு இல்லை என்று பதில் வந்தாலும் வண்டியை எடுக்கக் கூடாது. ஆக்ஸிலை ஸ்பிரிங்கோடு கட்டும் யூ போல்ட்டுகளைப் புதிதாகவே போடுங்கள், 500 கி.மீ. ஓடியதும் மறுபடி முறுக்குங்கள். தளர்ந்த யூ போல்ட்டால்தான் சென்டர் போல்ட் வெட்டுப்படும்.

குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டியரிங் உதறினால் ஸ்டியரிங் டாம்பர் போட்டு மூடாதீர்கள். ஒருவர் ஸ்டியரிங்கை இருபுறமும் சிறிதாக ஆட்ட, இன்னொருவர் கீழே டை ராடு எண்ட், கிங்பின், ஸ்பிரிங் புஷ், ஸ்டியரிங் பாக்ஸ் சேஸிஸில் பிடித்திருக்கும் இடம் என ஒவ்வொன்றாகக் கை வைத்துப் பார்க்கட்டும். பாக்ஸ் பிடிக்கும் இடத்தில் சேஸிஸ் விரிசல் விட்டிருப்பதும் உண்டு. ஜீப்பின் முன் வீல் பேரிங்கை, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டு இறுகும்வரை முறுக்கி, ஆறில் ஒரு பங்கு சுற்று தளர்த்தி, லாக் வாஷரை மடக்க வேண்டும்.

விளக்கும் வெல்டிங்கும்

100 வாட் விளக்கு இரண்டு என்றால் 12 வோல்ட்டில் கிட்டத்தட்ட 17 ஆம்பியர். அதைப் பழைய சுவிட்ச் வழியாக விட்டால் சுவிட்ச் உருகும். பேட்டரி அருகிலேயே ஃபியூஸ், பிறகு ரிலே, குறைந்தது 2.5 சதுர மி.மீ. வயர், நல்ல எர்த் வேண்டும். வெல்டிங் செய்யும் முன் பேட்டரியையும் டைனமோவையும் கழற்றுங்கள். எம்பிஎஃப்ஐ (கணினி கட்டுப்பாட்டில் பெட்ரோல் பீய்ச்சும்) ஜிப்ஸியில் ஈசியு (எஞ்சின் கணினி) கனெக்டரையும் சேர்த்து. சிஜே வகை ஜீப்பில் டீசல் டாங்க் டிரைவர் சீட்டுக்கு அடியிலேயே இருப்பதால், அந்தப் பக்கம் தீப்பொறி விழும் வேலை என்றால் டாங்க்கை இறக்கிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

ஆர்சி புத்தகம்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. பம்பருக்கு முன் போடும் புல் பார் சட்டவிரோதம் என்று 2017 டிசம்பரில் மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. எஞ்சின் மாற்றுவதாக இருந்தால் ஆர்டிஓ அலுவலகத்தில் முதலில் கேட்டு, அனுமதி வாங்கி, ஆர்சியில் பதிந்துகொள்ளுங்கள். பதியாத எஞ்சினோடு விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கிளெய்மில் முதலில் எழுப்பப்படும் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.