கோயமுத்தூர் வெயிலில் அழுகண்ணி வளர்ப்பது எப்படி?

பூச்சி தின்னும் செடி என்றால் எல்லோரும் முதலில் வீனஸ் ஃப்ளைட்ராப்பைத்தான் தேடுகிறார்கள். நம் ஊருக்கு அது வேண்டாம். வருடத்தில் மூன்று நான்கு மாதம் நல்ல குளிரில் உறங்கினால்தான் அது பிழைக்கும், நம் மார்கழி அதற்குப் பத்தாது. புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் அழுகண்ணியில், அதாவது டிரோசெராவில் ஆரம்பியுங்கள். அதிலும் தென்னாப்பிரிக்காவின் கேப்பென்சிஸ், காசு அகலத்துக்குத் தரையோடு படுத்து வளரும் ஸ்பாத்துலேட்டா, நம் நாட்டிலேயே வயல் ஓரத்து ஈரத்தில் முளைக்கிற பர்மானி, இந்த மூன்றில் ஒன்று.

வெயிலை நினைத்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். கொங்கு நாட்டில் இந்தச் செடிகளை முதலில் கொல்வது வெயில் இல்லை, உப்பு. மழை கழுவிக் கழுவிச் சத்தெல்லாம் போன ஈர மண்ணில் வளர்ந்து பழகிய செடி இது, தனக்கு வேண்டிய தழைச்சத்தைப் பூச்சியிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அதனால் அதன் வேர் உப்பையும் தாங்காது, உரத்தையும் தாங்காது. யூரியா, டிஏபி மட்டுமில்லை, மண்புழு உரமும் சாணித் தண்ணியும்கூட ஆகாது.

ஆகவே செடி வாங்கும் முன், தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்குங்கள். பேனா அளவில் இருக்கும், மலிவானதே போதும். தண்ணீரில் வைத்தால் 50 பிபிஎம்முக்குள் காட்டினால் நல்லது, 100 வரை சமாளிக்கலாம். நம் பக்கத்து போர் தண்ணியில் வைத்துப் பாருங்கள், பல இடங்களில் ஆயிரத்தைத் தாண்டும். குழாயில் சிறுவாணித் தண்ணி வருகிற வீட்டுக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள், இருந்தாலும் அளந்துவிட்டு ஊற்றுங்கள். எனக்குப் பிடித்தது மழைத் தண்ணிதான். ஐப்பசி கார்த்திகையில் மொட்டைமாடியில் விழும் முதல் மழையை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடித்து, வெளிச்சம் படாத கேனில் மூடி வைத்தால் ரொம்ப நாளைக்கு வரும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணியும் ஆகும், குழாயும் வாளியும் சுத்தமாக இருக்க வேண்டும்.

பிறகு சேர்த்தது: "ஆர்ஓ தண்ணிதான் ஊற்றுகிறேன், அப்படியும் இலை கருகுகிறது" என்று திருப்பூரிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். இப்போது வரும் வீட்டு ஆர்ஓ மெஷின்கள் பலவற்றில் ருசிக்காகத் தாது உப்பைத் திரும்பச் சேர்க்கும் ஒரு பாகம் இருக்கிறது, கடைசியில் 100க்கு மேல் காட்டும். உப்பை வடிகட்டும் மெம்ப்ரேனை விட்டு வெளியே வந்ததும், அந்தப் பாகத்துக்குப் போகும் முன்பே பிடித்துக்கொள்ள மெக்கானிக்கிடம் கேளுங்கள். இன்னொன்று, ஆர்ஓ தள்ளும் கழிவுத் தண்ணியைச் செடிக்கு விடும் பழக்கம் நிறைய வீட்டில் உண்டு. மற்ற செடிக்கு எப்படியோ, இதற்கு அது விஷம்.

அடுத்தது மண். உண்மையில் நம் மண்ணே வேண்டாம். பணம் பரவாயில்லை என்றால் காய்ந்த ஸ்பாக்னம் பாசி வாங்கி ஊறவைத்து அதிலேயே நட்டுவிடுங்கள், வேலை முடிந்தது. ஆனால் பொள்ளாச்சியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு யாருக்கு மனசு வரும்? தென்னை நார்த்தூள்தான், அதாவது கோகோபீட்தான், கைக்குக் கிடைக்கிறது. கட்டியின் மேல் "கழுவியது" என்று அச்சடித்திருந்தாலும் நம்பாதீர்கள், அது தக்காளி நாற்றுக்குப் போதுமான கழுவல்.

கழுவும் விதம் இதுதான். பழைய வேட்டித் துணியில் தூளைக் கட்டி, அகலமான போசியில் (பாத்திரத்தில்) நல்ல தண்ணீர் விட்டு முக்கிப் பிழியுங்கள். முதல் தண்ணி கட்டங்காப்பி நிறத்தில் வரும். நான்கைந்து தடவை பிழிந்தபின் மீட்டர் இறங்கியிருக்கும், சரி முடிந்தது என்று தோன்றும். முடியவில்லை. புதுத் தண்ணி விட்டு ராத்திரி முழுக்க ஊறவைத்துக் காலையில் அளந்தால் எண் மறுபடி ஏறி நிற்கும், ஏனென்றால் நாருக்குள் பிடித்திருக்கும் சோடியமும் பொட்டாசியமும் மெதுவாகத்தான் வெளியே வரும். முதல் நாள் சாயங்காலம் ஊற்றிய தண்ணியில் மீட்டர் காட்டிய எண்ணுக்கும் மறுநாள் காலை காட்டும் எண்ணுக்கும் பெரிய வித்தியாசம் இல்லாமல் போகும்வரை இதையே திரும்பச் செய்ய வேண்டும். அலுப்பான வேலைதான். கோகோபீட்டில் செடி செத்தது என்று சொல்கிறவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் இந்த ராத்திரி ஊறலை விட்டிருப்பார்கள்.

கழுவிய தூள் இரண்டு பங்கு, பெர்லைட் (நர்சரியில் கிடைக்கும் லேசான வெள்ளைக் கல் துகள்) ஒரு பங்கு. பாறையை உடைத்துச் செய்யும் எம் சாண்ட் கலக்கவே கலக்காதீர்கள். ஆற்று மணல் கைவசம் இருந்தால் கொஞ்சம் எடுத்து வினிகர் விட்டுப் பாருங்கள், நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது, வேண்டாம். தொட்டி பிளாஸ்டிக்தான். மண் தொட்டி அழகுதான், ஆனால் சுவரில் வெள்ளையாக உப்பு பூப்பதைப் பார்த்திருப்பீர்களே.

விதை மூக்குப்பொடி மாதிரி இருக்கும். மடித்த காகிதத்தில் வைத்து மெதுவாகத் தட்டி மேலாகத் தூவுங்கள், மேலே எதுவும் போட்டு மூடக்கூடாது, வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். மேலிருந்து தண்ணி ஊற்றினால் விதை ஓடிவிடும். தொட்டியைத் தட்டில் வைத்து அந்தத் தட்டில் ஒரு விரற்கடை தண்ணி நிற்கவிடுங்கள், வளர்ந்த பிறகும் அப்படியேதான். உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் கவரால் மூடி வைத்தால் சில வாரத்தில் பச்சைப் புள்ளிகள் தெரியும். பிறகு கவரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து பழக்குங்கள்.

இடம், காலை வெயில் படும் கிழக்கு ஜன்னல். சித்திரை, வைகாசியில் பொடக்காலியில் (கொல்லைப்புறத்தில்) 50 சதவீத நிழல் வலைக்கடியில் வைக்கலாம். வெளிச்சம் போதும் என்றால் இலை மயிர்கள் சிவக்கும், ஒவ்வொன்றின் நுனியிலும் துளி தெளிவாக நிற்கும். கொசு ஒன்று ஒட்டினால் பக்கத்து மயிர்கள் அதன் மேல் சாய ஆரம்பிக்கும், கேப்பென்சிஸ் என்றால் சில மணி நேரத்தில் இலையே மடிந்து சுற்றிக்கொள்ளும். சோறும் கறியும் வைக்காதீர்கள், இலை அழுகிவிடும். புது இலை கோணலாக வந்தால் அசுவினியாக இருக்கலாம். தொட்டியோடு நல்ல தண்ணியில் ஒரு நாள் முழுக்க மூழ்கவிட்டால் போய்விடும், செடிக்கு ஒன்றும் ஆகாது.

மலை வகைகளைப் பற்றியும் கேட்கிறார்கள். நீலகிரிப் புல்வெளியில் மழைக்காலத்தில் எழும்பும் பெல்டேட்டா, மழை போனதும் மண்ணுக்கடியில் கிழங்காக ஒடுங்கிவிடும். காட்டிலிருந்து அதைப் பிடுங்கி வராதீர்கள், சட்டப்படியும் தப்பு, கீழே வந்தால் நம் சூட்டில் கிழங்கு அழுகத்தான் செய்யும். வெனிசுவேலா மலையுச்சியின் ரொரைமே போன்றவற்றுக்கு ராத்திரி குளிர் வேண்டும், 10 முதல் 15 டிகிரி. கோத்தகிரி, வால்பாறையில் வீடு இருந்தால் தாராளமாக முயலுங்கள். கோயமுத்தூரில் என்றால் தெர்மாகோல் பெட்டிக்குள் தொட்டியை வைத்து, தினம் ராத்திரி ஐஸ் கட்டிய பாட்டில்களை மாற்றி மாற்றி வைக்க வேண்டும். ஊருக்குப் போகும் வாரத்தில் யார் வைப்பது என்று முதலில் முடிவு செய்துவிட்டு அப்புறம் விதை வாங்குங்கள்.