தேசியப் புள்ளிவிவரங்களைக் கையாள்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புள்ளியியல் அறிஞர் பி. சி. மகலனோபிஸின் முன்முயற்சியால் 1950-இல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு தொடங்கியபோது, மக்கள் என்ன உண்கிறார்கள், எவ்வளவு செலவிடுகிறார்கள், எத்தனை பேருக்கு வேலை இருக்கிறது என்ற கேள்விகளுக்கு இந்திய அரசிடம் நம்பத்தகுந்த விடை இல்லை. அந்தக் குறையைப் போக்க வளர்ந்த அமைப்பின் எண்களே இன்று ரேஷன் ஒதுக்கீடு முதல் வட்டி விகிதம் வரை பல முடிவுகளைத் தீர்மானிக்கின்றன. ஆகவே அவற்றைத் தவறாகக் கையாண்டால், பாதிப்பு நேரே மக்களைச் சென்று சேர்கிறது.

பழைய கணக்கை இன்றைய நிலவரமாகக் கொள்வதே இவற்றுள் பெரிய தவறு என்று கருதுகிறேன். 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் கிராமப்புற மக்களில் 75 விழுக்காட்டினர் வரையும் நகர்ப்புற மக்களில் 50 விழுக்காட்டினர் வரையும் தானியம் பெற வழிசெய்கிறது. ஆனால் 2011 மக்கள்தொகையைக் கொண்டு வகுக்கப்பட்ட ஏறத்தாழ 81.35 கோடி பேர் என்ற உச்சவரம்பு, 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், மக்கள்தொகை பெருகிய பின்னும் அப்படியே நீடித்தது. ஒதுக்கீடு நிரம்பிவிட்ட மாநிலங்களில், புதிதாகத் தனிக்குடித்தனம் வந்த ஓர் ஏழைக் குடும்பம், பட்டியலிலிருந்து வேறு யாரேனும் நீக்கப்படும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. தமிழ்நாட்டில் அனைவருக்குமான பொது விநியோகத் திட்டம் இருப்பதால் இந்தத் துன்பம் நம் கண்ணில் அதிகம் படுவதில்லை.

வெவ்வேறு அளவுகோல்களால் அளந்தவற்றை அருகருகே வைத்து ஒப்பிடுவதும் வழக்கமாகிவிட்டது. ஓராண்டு நிலையைப் பார்க்கும் வழக்கமான கணக்கில், வேலையின்மை 2011-12-இல் 2.2 விழுக்காடாகவும் 2017-18-இல் 6.1 விழுக்காடாகவும் பதிவானது. ஆயினும் இரண்டாவது ஆய்வில், குடும்ப உறுப்பினர்களின் கல்வித் தகுதியை வைத்து மாதிரிக் குடும்பங்களைத் தேர்ந்தெடுக்கும் முறை புகுத்தப்பட்டிருந்தது. வரையறையும் கவனிக்கத்தக்கது: வாராந்தரக் கணக்கில், ஏழு நாள்களில் ஏதேனும் ஒரு நாள் ஒரு மணி நேரம் உழைத்தவரும் வேலையில் உள்ளவரே. எந்த வரையறைப்படி என்று குறிப்பிடாமல் ஒரு விழுக்காட்டை மட்டும் எழுதக் கூடாது.

ஐயத்துக்குரிய முடிவை வெளியிடாமல் வைத்துக்கொள்வது இன்னொரு தவறு. 2017-18 நுகர்வுச் செலவு ஆய்வின் முடிவுகள், தரவின் தரம் போதாது என்ற காரணத்தால் வெளியிடப்படமாட்டா என்று 2019 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆய்வு 2022-23-இல்தான் நடந்தது. ரிசர்வ் வங்கி 4 விழுக்காடு இலக்கு வைத்துக் காக்கும் சில்லறைப் பணவீக்கம், அதுவரை 2011-12-இன் நுகர்வுப் பழக்கத்தை வைத்தே, உணவுக்கும் பானங்களுக்கும் மொத்தத்தில் சுமார் 46 விழுக்காடு பங்கு கொடுத்துக் கணிக்கப்பட்டு வந்தது. குறைகளை விளக்கும் குறிப்போடு தரவை வெளியிட்டிருந்தால், அவற்றின் அளவை ஆய்வாளர்கள் தாங்களே மதிப்பிட்டிருப்பார்கள்.

ஓர் ஆணையம் அமைந்துவிட்டாலே அதற்குத் தன்னாட்சி கிடைத்துவிட்டது என்று நம்பிவிடவும் கூடாது. பொருளியலாளர் சி. ரங்கராஜன் தலைமையிலான குழு 2001-இல் சட்டபூர்வமான தேசியப் புள்ளியியல் ஆணையத்தைப் பரிந்துரைத்தது; ஆனால் 2005-இல் சட்டத்தின் வழியாக அல்லாமல் அரசுத் தீர்மானத்தின் வழியாகத்தான் அது அமைக்கப்பட்டது. தாங்கள் ஒப்புதல் அளித்த 2017-18 வேலைவாய்ப்பு அறிக்கை வெளிவராத நிலையில், 2019 ஜனவரியில் ஆணையத்தின் உறுப்பினர்கள் இருவர் பதவி விலகினர். அறிக்கை அவ்வாண்டு மே மாதம்தான் வெளியாயிற்று.