ஒரு லீற்றர் பக்கற், 200 மில்லிலீற்றர் பக்கற்: பிரித்தானியாவுக்குப் புதிதாக வரும் குடும்பங்களுக்கு

பிரித்தானியாவில் முதல் குளிர்காலத்தைச் சந்திக்கும் எம்மவர் குடும்பங்கள் சளியையும் காய்ச்சலையும் எதிர்பார்த்துக் கம்பளி உடுப்புகளும் தைலமும் வாங்கி வைத்திருக்கும், வயிற்றோட்டத்தை எதிர்பார்த்திருக்காது. ஊரில் அது மாரி வெள்ளம் கிணற்றில் கலக்கும் காலத்து நோய். இங்கோ நொரோ வைரஸ் என்னும் கிருமி குளிர்காலம் முழுவதும் நேசரிகளிலும் பாடசாலைகளிலும் முதியோர் இல்லங்களிலும் சுற்றிக்கொண்டிருக்கும். குழாய்த் தண்ணீரின் சுத்தம் அதைத் தடுக்காது, ஏனெனில் அது பெரும்பாலும் கையிலிருந்தும் கதவுப்பிடியிலிருந்தும் வாய்க்குப் போகிறது.

நிர்வாக விடயங்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். வந்த வாரத்திலேயே அருகிலுள்ள ஜிபி (குடும்ப வைத்தியர்) நிலையத்தில் எல்லோரையும் பதிவுசெய்யுங்கள். முகவரிச் சான்று கொண்டுவந்தால்தான் பதியலாம் என்று வரவேற்பு மேசையில் சொன்னாலும், இங்கிலாந்தில் அது கட்டாயமல்ல. இரவிலும் விடுமுறையிலும் மருத்துவ ஆலோசனைக்குத் தொலைபேசியில் 111, உயிராபத்து என்றால் அவசர அழைப்புக்கு 999. 111 இல் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. இவற்றை யாரும் உங்களுக்குச் சொல்லிவிடுவார்கள். யாரும் சொல்லாதது அடுத்து வருவது.

வயிற்றோட்டத்தில் இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யக் கரைத்துக் குடிக்கும் தூள்தான் ஜீவனி. எங்கள் வீடுகளில் அதைக் கரைப்பது யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டிய வேலையல்ல. ஒரு லீற்றர்ப் போத்தலை நிரப்பி, ஒரு பக்கற்றைக் கொட்டிக் குலுக்கினால் முடிந்தது. அந்தக் கை வழக்கத்தோடுதான் எல்லோரும் விமானம் ஏறுகிறோம். பலர் சூட்கேசின் ஓரத்தில் நாலைந்து பக்கற்றுகளையும் செருகிக்கொண்டு வருகிறோம். உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவின்படி செய்யப்படும் ஒரு லீற்றர்ப் பக்கற்றில் 20.5 கிராம் தூள் உண்டு: உப்பு 2.6, குளுக்கோசு 13.5, பொட்டாசியம் குளோரைட்டு 1.5, சிற்றேட்டு உப்பு 2.9 கிராம். இங்கே மருந்துக்கடைகளில் பெட்டியாக விற்கப்படும் சிறு பக்கற்றுகளோ பொதுவாக 200 மில்லிலீற்றருக்கு ஒன்று என்ற கணக்கில் செய்யப்பட்டவை. இரண்டுமே நல்ல மருந்து. இரண்டும் ஒரே வீட்டின் ஒரே அலுமாரியில் இருப்பதுதான் ஆபத்து.

என் நண்பர் ஒருவரின் மூன்று வயது மகனுக்கு, அவர்கள் இங்கு வந்த முதல் தை மாதத்தில் வயிற்றோட்டமும் சத்தியும் தொடங்கின. பகலில் மருந்துக்கடையில் வாங்கிய பெட்டியிலிருந்து, ஒரு பக்கற்றுக்கு ஒரு தம்ளர் தண்ணீர் என்று முறையாகக் கரைத்துக் கொடுத்தார்கள். பிள்ளை தேறிக்கொண்டுதான் வந்தது. இரவில் பெட்டி முடிந்துவிட்டது, கடையும் பூட்டியாகிவிட்டது. சூட்கேசில் ஊர்ப் பக்கற்றுகள் இருப்பது நினைவுக்கு வர, பகல் முழுவதும் செய்த பழக்கத்தில் அதையும் ஒரு தம்ளர் தண்ணீரில் கரைத்துப் பருக்கினார்கள். ஐந்து மடங்கு செறிவு! முறையாகக் கரைத்தால் லீற்றருக்கு 75 மில்லிமோல் இருக்க வேண்டிய சோடியம் 375 ஆகிவிடுகிறது. அது கடல்நீரில் உள்ள சோடியத்தின் முக்கால் பங்குக்கும் மேல். பிள்ளைக்குத் தாகம் கூடியது, தாகம் என்று மறுபடியும் அதையே கொடுத்தார்கள், சத்தி கூடியது, அது நோயின் கடுமை என்று நினைத்தார்கள். விடியற்காலையில் வைத்தியசாலையில் இரத்தம் எடுத்துப் பார்த்தபோது சோடியம் உயர்ந்திருந்தது. உயர்ந்த சோடியத்தை அவசரமாக இறக்கினால் மூளை வீங்கக்கூடும் என்பதால், அதை மெல்ல மெல்லத்தான் இறக்கினார்கள். பிள்ளை நலமாக வீடு திரும்பியது. வெற்றுப் பக்கற்றைக் கொண்டுவரச் சொல்லிப் படித்த பிறகுதான் வைத்தியருக்கே விடயம் விளங்கியதாம்.

இதில் எனக்குக் கோபம் வருவது பிறகு நடந்த பேச்சில். ‘ஊர் மருந்து இங்கத்தைய பிள்ளைக்கு ஒத்துவராது’ என்று உறவினர் வட்டத்தில் ஒரு தீர்ப்பு எழுதப்பட்டு, நல்ல பக்கற்றுகள் எத்தனையோ வீடுகளில் குப்பைக்குப் போயின. பக்கற்றில் குற்றமில்லை, தண்ணீரில்தான் குற்றம். உப்பையும் சீனியையும் சரியான விகிதத்தில் கரைத்தால் உயிர் பிழைக்கும் என்பதை உலகுக்குக் காட்டியதே எங்கள் பக்கத்து அகதி முகாம் ஒன்றுதான்: 1971 இல் வங்காள எல்லையில் பொங்கானில் வாந்திபேதி பரவி, ஊசிவழி ஏற்றும் சேலைன் தீர்ந்துபோனபோது, வைத்தியர் திலீப் மகலனாபிஸ் இந்தக் கரைசலைப் பெரிய பீப்பாய்களில் வைத்து, நோயாளிகளின் உறவினர்களையே பருக்கச் செய்தார். அதற்குப் பிறகும் இதைக் கைமருந்து என்று இளக்காரமாகப் பேசுவோரைக் கண்டால் எரிச்சல்தான் வருகிறது. சிறுகுடலின் சுவரில் குளுக்கோசும் சோடியமும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே உள்ளே போகின்றன, அவற்றின் பின்னால் தண்ணீர் போகிறது. விகிதம் கெட்டால் அந்த வழியும் கெடுகிறது.

தலைகீழான தவறும் நடக்கிறது, அது ஓசையில்லாமல் நடக்கிறது. இங்குள்ள சிறு பக்கற்றை அம்மம்மா ஊர் வழக்கப்படி ஒரு லீற்றர்ப் போத்தலில் கொட்டிவிடுவார். கிடைப்பது ஐந்திலொரு பங்கு செறிவுள்ள, ஏறக்குறைய வெறும் தண்ணீர். பிள்ளை விரும்பிக் குடிக்கும், ஆனால் இழந்த உப்பு திரும்பாது, கைக்குழந்தைகளில் இரத்தச் சோடியம் தாழ்ந்து வலிப்பு வரைக்கும் போகலாம். ஆகவே பக்கற்றை வாங்கியதும் எவ்வளவு தண்ணீருக்கு என்பதைத் தேடிப் படித்து, தடித்த பேனையால் முன்பக்கத்தில் தமிழில் எழுதிவிடுங்கள். தம்ளரை நம்பாதீர்கள், இங்குள்ள தேநீர்க் குவளைகள் பல 300 மில்லிலீற்றர் கொள்ளும். இரண்டு பைந்துப் பால் போத்தல் ஒரு லீற்றர் அல்ல, 1136 மில்லிலீற்றர். கோடு போட்ட அளவுக்குவளை ஒன்றைச் சமையலறையில் வைத்துக்கொள்வதே நல்லது. கரைத்ததை ஒரு மணித்தியாலத்துக்குள், குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் 24 மணித்தியாலத்துக்குள், குடித்து முடிக்க வேண்டும், மீதியை ஊற்றிவிடுங்கள்.

பக்கற்றே இல்லாத இரவில் வீட்டில் கரைக்க நேர்ந்தால், பெரியவர்களுக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. கரண்டி 5 மில்லிலீற்றர்க் கரண்டியாக இருக்க வேண்டும், மேலே குவியாமல் கத்தியால் வழித்துவிட வேண்டும். இதில் பொட்டாசியம் கிடையாது, ஆகவே இது கடை திறக்கும் வரைக்குமான ஏற்பாடு. கைக்குழந்தைக்கு இதைக் கரைக்காமல் 111 ஐ அழையுங்கள். உப்பு விடயத்தில் இன்னொன்றும் உண்டு. சுப்பர்மார்க்கெட்டில் ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்கப்படுவதில் பெரும்பங்கு பொட்டாசியம் குளோரைட்டாக இருக்கலாம். இரத்த அழுத்தத்துக்காக அதை வாங்கி வைத்திருக்கும் வீடுகளில் அதையே அள்ளிக் கரைத்தால், வேண்டிய சோடியம் கிடைக்காமல் வேண்டாத அளவு பொட்டாசியம் உடலுக்குள் போகும். சிறுநீரக நோயுள்ளவருக்கு அது இதயத்துடிப்பையே குழப்பிவிடும். சாதாரண சமையல் உப்பைத்தான் எடுக்க வேண்டும். சமையலறையின் குளிர்நீர்க் குழாய்த் தண்ணீர் போதும். கைக்குழந்தைக்குப் பக்கற் கரைக்கும்போது மட்டும் அதைக் கொதிக்கவைத்து ஆறவிடுங்கள்.

மென்பானமும் பெட்டிப் பழச்சாறும் கொடுக்க வேண்டாம். கோலா போன்றவற்றில் லீற்றருக்கு 100 கிராமுக்குக் கிட்டச் சீனி, சோடியமோ பெயரளவில். அந்தச் சீனி தண்ணீரைக் குடலுக்குள் இழுத்து வயிற்றோட்டத்தைக் கூட்டும். வாயு போன லெமனேட் கொடுக்கச் சொல்லி அயல்வீட்டு வெள்ளைக்காரப் பாட்டி அன்போடு சொல்வார், நன்றி சொல்லிவிட்டு விடுங்கள். இளநீரை நினைத்து ஏங்குவோருக்கும் ஒரு சொல்: செவ்விளநீர் வெட்டிக் கொடுக்க ஆளில்லாத இந்த ஊரில் ரின்னில் கிடைப்பது பல வேளை சீனி சேர்த்தது, நல்ல இளநீரிலும் பொட்டாசியம்தான் அதிகம், சோடியம் குறைவு. உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி நல்லது, பக்கற் கரைசலுக்கு இடையில் கொடுக்கலாம். தாய்ப்பாலை எக்காரணம் கொண்டும் நிறுத்த வேண்டாம்.

ஒவ்வொரு முறை வயிற்றால் போன பின்னும், இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு 50 முதல் 100 மில்லிலீற்றர், அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு 100 முதல் 200 மில்லிலீற்றர் கொடுக்கலாம். சத்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு கரண்டியாகத் தொடங்குங்கள். நாப்பி பல மணி நேரம் நனையாமல் இருந்தால், கண் குழி விழுந்தால், அழும்போது கண்ணீர் வராவிட்டால் 111 ஐ அழையுங்கள். எழுப்ப எழுப்பத் தூங்கினால், சத்தி பச்சையாகவோ இரத்தத்தோடோ வந்தால் காத்திருக்காமல் 999 ஐ அழையுங்கள் அல்லது அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். வருகை விசாவில் வந்திருக்கும் பெற்றோரையும் அங்கே கட்டணமின்றிப் பார்ப்பார்கள். விடுதியில் அனுமதித்தால் கட்டணம் வரும், அதற்குப் பயணக் காப்புறுதி வேண்டும். நீரிழிவு, இதயம், சிறுநீரகம் என்று மருந்தெடுக்கும் முதியவர்களுக்குக் கரைசல் கொடுக்க முன்னர் மருந்தாளரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சந்திப்பு நேரமும் தேவையில்லை, பணமும் தேவையில்லை.

கடைசி வயிற்றோட்டத்தின் அல்லது சத்தியின் பின் 48 மணித்தியாலம் கழியும் வரை பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பக்கூடாது. பிள்ளை துள்ளி விளையாடினாலும் அனுப்பக்கூடாது, வேலைக்கு லீவு கிடைக்கவில்லை என்றாலும் அனுப்பக்கூடாது. உங்கள் பிள்ளைக்கும் அது அப்படி வந்த ஒரு பிள்ளையிடமிருந்தே தொற்றியிருக்கலாம். நொரோ வைரசுக்குக் கை ஜெல் போதாது, சவர்க்காரமும் தண்ணீரும் வேண்டும்.