கல்லறைத் தோட்டத்தில் அரிவாளை எடுக்கும் முன்

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அதற்கு முந்தைய ஓரிரு வாரங்களில்தான் நம் ஊர்க் கல்லறைத் தோட்டங்களில் அரிவாளும் மண்வெட்டியும் இறங்கும். மெழுகுவர்த்தி ஏற்ற வருகிறவர்கள் முள்ளில் நடக்கக் கூடாது என்று நினைப்பது நியாயம்தான். ஆனால் நூறு, இருநூறு வருடப் பழைய தோட்டத்தை ஒரே நாளில் வழித்தெடுத்தால், புதரால் வந்த சேதத்தைவிட நம்மால் வரும் சேதம் பெரிதாகிவிடும்.

இருப்பதிலேயே மோசமான தவறு ஜேசிபியை உள்ளே விடுவது. சீமைக் கருவேலம் அடைத்துக் கிடந்தால் வேறு வழியில்லை என்று தோன்றும். கல் நட்ட கல்லறைகள் எப்படியாவது தப்பிவிடும். கல் வைக்க வசதியில்லாதவர்களின் மண் மேடுகள் தப்பாது. மரச் சிலுவை எப்போதோ மக்கியிருக்கும், மேடும் தட்டையாகியிருக்கும். இங்கே ஒருவர் உறங்குகிறார் என்று காட்ட மிச்சமிருப்பது பல நேரம் ஒரு செடிதான்: மகளோ மருமகளோ நட்ட அரளி, ஒரு குரோட்டன்ஸ், தானாகப் பரவிய நித்தியகல்யாணி. அந்த நித்தியகல்யாணிக்குச் சுடுகாட்டு மல்லி என்றே ஒரு பெயர் உண்டு. இயந்திரம் ஒரு தூரைப் பெயர்க்கும்போது இந்த அடையாளமும் மண்ணோடு புரண்டு போகும். அதனால் வெட்டுவதற்கு முன்பே ஊர்ப் பெரியவர்களையும் குழி வெட்டுகிறவரையும் கூட்டிக்கொண்டு ஒரு முறை நடந்து பாருங்கள். பங்குக் கோயிலில் இருக்கும் அடக்கப் பதிவேட்டையும் கையில் வைத்துக்கொண்டு, மேடு இருக்கும் இடத்தில் எல்லாம் குச்சி நட்டுத் துணி கட்டுங்கள். அப்புறம் கையால் வெட்டலாம்.

அடுத்தது, செங்கல் கல்லறையில் முளைத்த அரசையும் ஆலையும் பிடுங்குவது. பறவை எச்சத்தில் வந்த விதை சுண்ணாம்புக் காரையின் விரிசலில் முளைத்து, வேரை உள்ளே விட்டிருக்கும். விரல் கனக் கன்றாக இருந்தால் மெல்ல எடுத்துவிடலாம். மணிக்கட்டுக் கனம் வந்துவிட்டால், காரை உதிர்ந்த செங்கற்களை இறுக்கிப் பிடித்திருப்பதே அந்த வேராக இருக்கலாம். இழுத்தால் சுவரும் சேர்ந்து வரும். மேலோடு வெட்டிவிட்டுப் போனாலும் பயனில்லை, தழைத்துவிடும். வெட்டிய ஈரம் காய்வதற்குள் வெட்டுவாயில் மட்டும் களைக்கொல்லி தடவ வேண்டும். அதைத் தெரிந்தவர்தான் செய்ய வேண்டும், தோட்டம் முழுக்கத் தெளிக்கக் கூடாது. வேர் செத்த பிறகு துண்டு துண்டாக எடுத்து, இடைவெளியைச் சுண்ணாம்புக் காரையால் அடைக்கலாம். சிமென்ட் வேண்டாம். அது ஈரத்தை உள்ளே பூட்டிவைத்துப் பழைய செங்கல்லைப் பொடியாக்கும்.

பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம் டச்சுக் கல்லறைகளைப் போலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை என்றால், துறையின் அனுமதி இல்லாமல் எதிலும் கை வைக்கக் கூடாது.

வெட்டிய முள்ளை அங்கேயே குவித்துக் கொளுத்துவதும் நடக்கிறது. சூட்டில் கருங்கல் பொரிந்து செதில் செதிலாக உரியும். எழுத்து இருக்கும் பக்கம் உரிந்தால் பெயரே போய்விடும். முள்ளை வெளியே கொண்டுபோய்விடுங்கள்.

வேம்பு, புங்கை போன்ற நிழல் மரங்களையும் சேர்த்துச் சாய்ப்பவர்கள் உண்டு. வெயில் தரையில் நேராக விழத் தொடங்கினால், நிழலில் அடங்கிக் கிடந்த பார்த்தீனியமும் கருவேல விதைகளும் அடுத்த மழைக்கே கிளம்பிவிடும். மரத்தை விட்டுவிட்டு, கல்லறை மேல் விழக்கூடிய காய்ந்த கிளையை மட்டும் இறக்கினால் போதும்.

இதற்கெல்லாம் அக்டோபர் சரியான மாதமும் இல்லை. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரம் அது. புல்லின் வேர்கூட இல்லாத மொட்டை மண் முதல் பெருமழையிலேயே கரையும், தலைக்கல் சாயும். பெரிய வேலையைப் பொங்கலுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். மண்ணில் ஈரம் இருக்கும்போதே கருவேலக் கன்றுகளைக் கையால் பிடுங்கிவிடலாம். திருநாளுக்கு முன்பு நடைபாதைப் புல்லை மட்டும் கட்டையாக அறுத்துவிட்டால் போதும்.